கூடைக் கயிறு படும் இடத்தில் சொரியாசிஸ்

மகள், தலவாக்கலை:
அம்மாவுக்கு 47 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மூன்று வருடமாக முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்த தடிப்பு, மேலே வெள்ளைச் செதில். படர்தாமரை என்று கடையில் தந்த களிம்பைப் பூசிப் பார்த்தோம், கேட்கவில்லை. போன மாதம் கிளினிக்கில் சொரியாசிஸ் என்றார்கள். இப்போது நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு படும் இடத்தில், கோடு போட்ட மாதிரி வந்திருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் ஒரு அக்கா, "குளிக்கிற பீலித் தண்ணிக்கு நீங்க கடைசியா வாங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா இருட்டோடு போய்க் குளித்துவிட்டு வருகிறார். இது ஒட்டுமா? எப்போது குணமாகும்?

ஹட்டன் அக்கா:
தங்கச்சி, ஒட்டாது. பீலித் தண்ணியிலும் ஒட்டாது, ஒரே போர்வையிலும் ஒட்டாது. எனக்கு 19 வருடமாக இருக்கிறது. இது கிருமி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறித் தோலை அவசரப்படுத்துகிறது. சுமார் 28 நாளில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல், நாலைந்து நாளிலேயே மேலே வந்து குவிந்துவிடும். அதுதான் அந்தச் செதில்.

கயிற்றைப் பற்றி நீங்கள் கவனித்தது சரி. உரசல், கீறல் பட்ட இடத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் புதுத் தடிப்பு கிளம்பலாம். எனக்கு இடுப்பில் படங்குத் துணி கட்டும் இடத்தில் வந்தது. பழைய பருத்திச் சேலைத் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்து, அதன் மேல் கயிற்றைப் போடச் சொல்லுங்கள். செதிலைப் பிய்க்கவே கூடாது, அடியில் ஊசி குத்தின மாதிரி ரத்தம் துளிர்க்கும். குளித்து ஈரம் காயும் முன்னே வாசலின் பூசுங்கள். எனக்கு ஜனவரிப் பனியில்தான் கூடும்.

அடியோடு போக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். மருந்துக்கு அடங்கும், மாதக்கணக்கில் காணாமலும் போகும், திரும்பியும் வரும்.

பண்டாரவளை அண்ணன்:
நான் ஒரு இடத்தில் ஸ்டீரொய்ட் மாத்திரை வாங்கி விழுங்கினேன். சீக்கிரமே தோல் சுத்தமானது. நிறுத்தினதும் உடம்பு முழுக்கக் கிளம்பிவிட்டது. தோல் டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அப்புறம், அம்மாவுக்குக் காலையில் விரல் விறைக்கிறதா? இந்த நோய் மூட்டையும் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் மூட்டு கோணிப்போகும்.

மகள், தலவாக்கலை:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் விரல் மடங்குவதில்லை என்று இப்போதுதான் சொல்கிறார். கொழுந்து எடுத்து எடுத்து வந்தது என்று நினைத்தாராம். வியாழக்கிழமை கிளினிக், நானும் கூடப் போகிறேன். பீலிக்கு நாளையிலிருந்து இரண்டு பேரும் வெளிச்சத்திலேயே போகிறோம்.