"கன்சார்டியம்": வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

முல்லை, திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏழாம் இயலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அரசு ஒரு பங்குப் பணம் போட, ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் கூடி ஆராய்ச்சி செய்து, புதுத் தொழில்நுட்பத்தைச் சந்தை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது பற்றிய இயல். முதல் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் செமடெக். கணினிச் சில்லுத் தயாரிப்பில் ஜப்பானிடம் பின்தங்கிவிட்டோம் என்ற பயத்தில் 1987-இல் 14 நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலரைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா வழியாக அரசு தந்தது. ஏறக்குறைய அதே அளவை உறுப்பினர்கள் போட்டார்கள்.

மூலத்தில் "ரிசர்ச் கன்சார்டியம்" 43 இடங்களில் வருகிறது. நான் "ஆய்வுக் கூட்டமைப்பு" என்று போட்டிருந்தேன். நேற்று மெய்ப்புத் தாள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இவங்க என்னம்மா கோரிக்கை வைக்கறாங்க?" என்று கேட்டாள். ஆசிரியர் கூட்டமைப்பு, வணிகர் கூட்டமைப்பு என்றுதான் அந்தச் சொல்லை அவள் கேட்டிருக்கிறாள். நூலைப் படிக்கப் போவதும் அவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பிள்ளைகள்தான். வேறு சொல் வேண்டும்.

*

வைகைக்கரை, செவ்வாய் காலை

அக்கா, "கன்சார்டியம்" என்றே விட்டுவிடலாமே? வங்கிச் செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறோம். தமிழ் வேண்டுமென்றால் "கூட்டு ஆய்வுக் குழுமம்". ஆனால் நாம் எழுதிக்கொண்டிருக்கும் இந்த இடமும் குழுமம், ஒரே முதலாளியின் பத்துக் கம்பெனியும் குழுமம். "பங்காண்மை" என்றால் என் ஊர்க்காரருக்குப் பங்காளிச் சண்டைதான் முதலில் நினைவுக்கு வரும்.

*

பனையோலை, செவ்வாய் மதியம்

முல்லை அவர்களுக்கு,

வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் "கோன்" என்றால் உடன். "சோர்ஸ்" என்றால் குலுக்கி எடுக்கும் சீட்டு. அதிலிருந்து பங்கு, விதி என்று பொருள் விரிந்தது. ஒரே சீட்டில் தம் விதியைப் பிணைத்துக்கொண்டவர்கள் என்பது கருத்து.

சீட்டு என்றதும் உத்தரமேரூர் நினைவுக்கு வராதவர் நம்மில் யாரும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் அமைத்தார்கள். "ஆய்வு வாரியம்" என்று சொல்ல ஆசைதான். ஆனால் மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று அந்தச் சொல் முழுக்க அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டது. விட்டுவிடுகிறேன்.

என் பரிந்துரை: ஆய்வுச்சாத்து. சாத்து என்பது வணிகர் கூட்டம். கோவலன் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பது அதுதான். பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள்: "கழுதைச் சாத்தொடு வழங்கும் உல்குடைப் பெருவழிக் கவலை காக்கும் வில்லுடை வைப்பின்". மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் சேர்ந்து போகிறார்கள். அந்த வழியில் உல்கு, அதாவது சுங்கம், வாங்குகிறார்கள். வழி பிரியும் இடங்களை வில்லேந்திய வீரர் காக்கிறார்கள். முல்லையின் ஏழாம் இயல் முழுவதும் இந்த ஓரிரு அடிகளில் இருக்கிறது. சந்தையில் போட்டியாளர், வழியில் துணைவர். அரசு காவல் தருகிறது, வரியாகத் திரும்பப் பெறுகிறது.

*

சுடர், செவ்வாய் மாலை

ஐயா, படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் வகுப்பறையில் நிற்காது. "சாத்து" என்றால் பையன்களுக்குக் கதவைச் சாத்து. இல்லாவிட்டால், நாலு சாத்து சாத்தினான். சந்தனம் சாத்துதல் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வணிகர் கூட்டம் தமிழ் இலக்கியம் படித்தவருக்கு மட்டும்தான். நீங்கள் எடுத்துக்காட்டிய அடியிலேயே "கவலை" இருக்கிறது. வழி பிரியும் இடம் என்று நீங்கள் சொன்னதால் எனக்குத் தெரிந்தது. என் மாணவன் வருத்தம் என்றுதான் படிப்பான். உரையாசிரியர் துணையோடு படிக்க வேண்டிய சொல்லை 43 இடங்களில் எப்படிப் போடுவது?

இன்னொன்று, சாத்து தமிழா? வடமொழிச் "சார்த்தம்" என்றல்லவா அகராதி சொல்கிறது?

*

மின்கலம், செவ்வாய் இரவு

சொல் எதுவானாலும் பொருளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மின்வேதியியல் ஆய்வில் முப்பது வருடம் இருந்தவன் நான்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மின்கலம் செய்தோம். உள்ளங்கை அளவு. மேசைமேல் நன்றாக ஓடியது. கையால் தகடு பூசினால் நாளைக்கு ஐந்து செய்யலாம். ஐயாயிரம் செய்யும் எந்திரம் வாங்கிச் சோதித்தால்தான் எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்கும். ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் "இது உற்பத்தி, எங்கள் வேலை இல்லை" என்றார்கள். கடன் தருகிறவர்கள் "இது இன்னும் ஆராய்ச்சிதானே" என்றார்கள். அந்த மின்கலம் கண்ணாடி அலமாரியில், தேதி எழுதிய சீட்டு மஞ்சளாகிப் போய், நான் ஓய்வு பெறும் நாள்வரை இருந்தது. கடைசி நாளில் அதை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று அளக்க நாசா வகுத்த முதிர்ச்சிப் படிகள் ஒன்பது உண்டு. முதல் மூன்று படிகளுக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடைசி இரண்டுக்குக் கம்பெனி இருக்கிறது. நான்கிலிருந்து ஏழு வரை யாரும் இல்லை. ஆங்கிலத்தில் அதை மரணப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். அந்த நடு இடத்தில் ஆள் நிற்க வைப்பதற்குத்தான் இந்த அமைப்புகள். 1949-இல் தொடங்கிய ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் கழகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிப்படை நிதியை அரசு கொடுத்துவிட்டு, மீதியை ஒப்பந்த ஆய்வில் சம்பாதிக்கச் சொல்கிறார்கள். அதனால் அங்கே ஆய்வாளர் தொழிற்சாலைக்குப் போய் நின்றே ஆக வேண்டும்.

முல்லை அம்மா, அந்த நடு இடத்துக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?

*

முல்லை, புதன் காலை

"மரணப் பள்ளத்தாக்கு" என்றுதான் போட்டிருந்தேன் ஐயா. உங்கள் அலமாரியைப் பற்றிப் படித்த பிறகு அது செத்த சொல்லாகத் தெரிகிறது.

*

பனையோலை, புதன் காலை

அதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: பாலை. "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து" பாலை என்றோர் படிவம் கொள்ளும் என்கிறது சிலம்பு. பாலை தனி நிலம் அன்று, இரண்டு நல்ல நிலங்கள் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலை. ஆய்வும் உற்பத்தியும் தத்தம் எல்லையில் செழிப்பாக இருக்க, நடுவே இரண்டும் அல்லாத வறட்சி. மின்கலம் அவர்கள் பட்டது அச்சு அசலாக இதுதான். பாலையைத் தனியே கடக்க முடியாது, ஆறலைப்போர், அதாவது வழிப்பறிக்காரர், உண்டு. அதனால்தான் சாத்து. இரண்டு சொல்லும் ஒரே காட்சியிலிருந்து வருகின்றன.

சுடருக்கு: சார்தல், சார்த்து, சாத்து. ஒருவரை ஒருவர் சார்ந்து போவது. தமிழ் வேராக ஏன் இருக்கக் கூடாது? அப்படியே வடசொல் என்றாலும் என்ன? மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் தமிழ் பிராமியில் "வெள்ளறை நிகமத்தோர்" என்று வெட்டியிருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. அது தமிழ்ச்சொல் அன்று. நம் வணிகர் அன்றே அதைத் தம் பெயராக வைத்துக்கொண்டார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், ஐந்நூற்றுவர் என்று வணிகக் குழுக்களின் பெயர்களை அடுக்கலாம். இத்தனை பெயர் வைத்த மொழிக்குக் கன்சார்டியம் என்று எழுத வேண்டிய நிலை ஏன்?

*

வைகைக்கரை, புதன் மதியம்

ஐயா, மாங்குளம் மலைக்கு நானும் ஏறியிருக்கிறேன். பாறைக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். மதியம் பார்த்தால் எழுத்து தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வரும். நிகமம் என்ற சொல்லை விரலால் தொட்டேன். ஆனாலும் "ஆய்வு நிகமம்" என்று எழுத மனம் வரவில்லை. இந்தியில் மாநகராட்சியே நிகமம் ஆகிவிட்டது.

"பாலை" எனக்குப் பிடித்திருக்கிறது. "நடுப்பாலை" என்றால் விளக்கமே வேண்டாம்.

*

வடமராட்சி, புதன் இரவு

இங்கிருந்து ஒரு எச்சரிக்கை. "கூட்டாண்மை" என்று யாராவது சொல்லப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இலங்கையில் அது கார்ப்பரேட். எல்லாத் திணைக்களத்திலும் "கூட்டாண்மைத் திட்டம்" என்ற தலைப்பில் ஆவணம் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் தொழிலுக்குப் பங்குடைமை என்போம். எங்கள் நாட்டிலும் 2008-இல் அரசும் தனியார் கம்பெனிகளும் சேர்ந்து நானோ தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கினார்கள். உங்கள் இயலுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு அது. அதை மாணவர்க்குச் சொல்லும்போது "அரச, தனியார் பங்குடைமை" என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், ஜப்பானியர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். செமடெக்காரர்கள் பார்த்துப் பயந்த ஜப்பானிய அமைப்பு 1976-இல் தொடங்கியது. ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்இசி, தோஷிபா, ஐந்தும் போட்டி நிறுவனங்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கென்க்யூ குமியாய்". கென்க்யூ என்றால் ஆராய்ச்சி. குமியாய் என்பது கூட்டுறவுச் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் வழங்கும் அன்றாடச் சொல். 1961-இலேயே அதற்கென்று சட்டம் போட்டார்கள். புதுச்சொல் தேடவில்லை. தெருவில் இருந்த சொல்லை எடுத்து முன்னால் "ஆராய்ச்சி" என்று சேர்த்தார்கள். முல்லை அக்காவின் மகள் கேட்ட கேள்வியை ஜப்பானியப் பிள்ளைகளும் கேட்டிருக்கலாம். பழகிவிட்டார்கள்.

*

சுடர், புதன் இரவு

தெருவில் இருக்கும் சொல் என்றதும் பொறி தட்டியது. கூட்டணி!

தமிழ்நாட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தனித்தனிக் கொடி, தனித்தனிச் சின்னம். நேற்றுவரை எதிரே நின்றவர்கள் ஒரு காரியத்துக்காகச் சேர்கிறார்கள், முடிந்ததும் பிரியலாம். கூட்டமைப்பில் இந்தப் பொருள் இல்லை, குழுமத்தில் இல்லை, பங்குடைமையில் இல்லை. "ஆய்வுக் கூட்டணி" என்றால் யாரும் கோரிக்கை மனுவைத் தேட மாட்டார்கள்.

*

பனையோலை, வியாழன் காலை

கூட்டணியில் பிரிவது தெரிகிறது. சேர்ந்து நடப்பது எங்கே தெரிகிறது? மேலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் தேர்தல் மேடைதான் கண்முன் வரும். ஆய்வாளருக்கு அந்த வாடை வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரியாத சொல்லைக் கற்றுக்கொடுக்கத்தானே பாடநூல்? "கணினி"யும் "இணையமும்" வந்த நாளில் யாருக்குத் தெரியும்?

*

மின்கலம், வியாழன் காலை

ஐயா மீது எனக்குள்ள மதிப்பு தெரியும். ஆனாலும் செமடெக் கதை கூட்டணிப் பக்கம்தான் நிற்கிறது. தொடக்கத்தில் 14 பேரும் சேர்ந்து சில்லு செய்முறையையே வளர்ப்பது திட்டம். நடக்கவில்லை. தன் செய்முறை ரகசியத்தை எவன் பக்கத்து மேசையில் விரிப்பான்? அதனால் திசையை மாற்றினார்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தேவைப்பட்ட கருவிகளை, அவற்றைச் செய்து தரும் சிறு கம்பெனிகளை மேம்படுத்துவது என்று முடிவானது. இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் அப்போது தலைமையில் இருந்தார். 1990-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். எதைப் பகிர்வது, எதைப் பகிராமல் இருப்பது என்ற உடன்பாடுதான் அங்கே உயிர்நாடி. 1996-க்குப் பிறகு அரசுப் பணம் வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். வாசலில் எல்லையும் வெளியேறும் வழியும் தெரிந்த கூட்டு. தமிழில் அப்படிப்பட்ட கூட்டுக்குக் கூட்டணி என்றுதான் பெயர்.

*

வைகைக்கரை, வியாழன் மதியம்

கூட்டணிக்கு என் வாக்கு. புதுத் தொழில்நுட்பத்தைத் தொழிலுக்குக் கொண்டுசேர்க்கும் பிரிட்டனின் கேட்டபுல்ட் மையங்களும் இயலில் வருகிறதா அக்கா? அதைக் "கவண் மையங்கள்" என்று மாற்றிவிடாதீர்கள். பெயர் பெயராகவே இருக்கட்டும்.

*

முல்லை, வியாழன் இரவு

கேட்டபுல்ட் வருகிறது. மாற்றவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கவண் கொஞ்ச நேரம் ஆசை காட்டியது உண்மை.

நாளை தாள் போக வேண்டும். எண்ணிப் பார்த்தேன். சுடர், மின்கலம் ஐயா, வைகைக்கரை மூவரும் கூட்டணி. வடமராட்சி தனி மடலில், இலங்கையில் அந்தச் சொல்லுக்கு வேறு அரசியல் நினைவு உண்டு, ஆனாலும் விளங்கும் என்று எழுதியிருக்கிறார். பனையோலை ஐயா எதிர்ப்பு. 43 இடங்களிலும் "ஆய்வுக் கூட்டணி" என்று மாற்றிவிட்டேன். மகளிடம் காட்டினேன். "எதிரிங்க எல்லாம் சேர்ந்து லேப் வெச்சிருக்காங்க, அவ்ளோதானே?" என்றாள்.

மரணப் பள்ளத்தாக்கை எடுத்துவிட்டு "நடுப்பாலை" போட்டிருக்கிறேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

"சந்தைக்குக் கொண்டுவருதல்" அப்படியே நீளமாக நிற்கிறது. "சந்தைப்படுத்தல்" என்றால் விளம்பரம் ஆகிவிடுகிறது. "சந்தையேற்றம்" என்று எழுதினால் விலையேற்றம் மாதிரி ஒலிக்கிறது. இந்தப் பதிப்பில் நீளமாகவே போகட்டும்.

ஐயா, பின்னிணைப்பில் அருஞ்சொல் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு வரி உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

*

பனையோலை, வெள்ளி விடியல்

முல்லைக்கு,

பட்டியலில் இப்படிப் போடுங்கள்: "சாத்து: அரண் குறைந்த வழியை ஒன்றாகக் கடக்கும் வணிகர் கூட்டம், ஆய்வுக் கூட்டணிக்கும் ஆகும்." பெரும்பாணாற்றுப்படை என்று நூற்பெயர் தருவதானால் ஒற்று விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

என் வாக்கை எதிர்வாக்காகவே எழுதிக்கொள்ளுங்கள். நடுப்பாலையைக் கூட்டணி கடக்கிறது என்று எந்தப் பக்கத்திலாவது வந்தால், அந்த ஓர் இடத்திலாவது சாத்து என்று மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

*

முல்லை, வெள்ளி காலை

பக்கம் 112-இல் வந்தது ஐயா. மாற்றிவிட்டேன்.