ஸ்காபரோவில் கூரையும் புகைபோக்கியும் திருத்த நம்பிக்கையான ஆள் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. எங்களுடையது பழைய பங்களோ வீடு. கூரைச் சிங்கிள்ஸ் (தார் ஓடுகள்) ஓரமெல்லாம் சுருண்டு, அதன் மணல் பீலிக்குள் வந்து சேர்கிறது. புகைபோக்கியின் மேல்வரிச் செங்கற்கள் முகம் உதிர்ந்துவிட்டன. சாந்தை விரலால் சுரண்டினாலே கொட்டுகிறது. காற்றோடு மழை அடித்தால் அதன் கீழே உள்ள அறையின் சீலிங்கில் ஈரம் படர்கிறது.

வந்து பார்த்த ஒருவர், புகைபோக்கியை இடித்து மூடிவிடலாம் என்கிறார். சுடுதண்ணீர்த் தாங்கியின் புகை இன்னும் அதற்குள்ளால்தான் போகிறது, அதை அவர் கேட்கவே இல்லை! இன்னொருவர் பழைய சிங்கிள்ஸுக்கு மேலேயே புதிதை அடிக்கலாம், மலிவு என்கிறார். அடியில் பலகை உக்கியிருந்தால் எப்படித் தெரியும்? அதில் எனக்கு மனமில்லை. கதவைத் தட்டி, இன்றே கையெழுத்து வைத்தால் விலைக்கழிவு என்பவர்களும் வேண்டாம். ஒன்ராறியோவில் அப்படிப் போட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்தான், ஆனாலும் ஏன் அந்தத் தலையிடி?

கொத்துவேலையை முதலில் முடித்து, பிறகு கூரையும் புகைபோக்கியைச் சுற்றிய தகடும் புதிதாகப் போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தீர்களா, தனித்தனியாகவா? டபிள்யூஎஸ்ஐபி (வேலையில் காயப்படும் தொழிலாளருக்கான ஒன்ராறியோ காப்புறுதிச் சபை) பத்திரமும் காப்புறுதியும் காட்டக்கூடியவர், மாற்றும் பலகைக்கு என்ன விலை என்று முன்கூட்டியே எழுதித் தருபவர் வேண்டும். முற்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள்?

குளிரில் சாந்தும் இறுகாது, சிங்கிள்ஸின் பசையும் ஒட்டாது. அதனால் ஒக்டோபருக்குள் முடிக்கப் பார்க்கிறேன். வேலை செய்து ஒரு குளிர்காலமாவது கடந்தவர்கள் சொன்னால் நல்லது. தொலைபேசி இலக்கத்தை இன்பொக்ஸில் போடுங்கள்.