கமா போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள்

சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிழை திருத்தும் வேலை எனக்கு. சேர்ந்த முதல் வாரம் நான் செய்து கொடுத்த பயிற்சித் தாள் சிவப்பாகத் திரும்பி வந்தது. பெரும்பாலும் கமா. பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது "மூச்சு வாங்குற இடத்துல கமா" என்பதுதான். மூச்சு சரியாகத்தான் வாங்கினேன், கமாதான் தப்பு.

"ஐ வென்ட் ஹோம், மை மதர் வாஸ் நாட் தேர்." இதை நான் சரி என்று விட்டுவிட்டேன். பக்கத்து இருக்கை அக்கா விளக்கினார்: "தமிழ்ல வந்து, பார்த்து, போயின்னு கோத்துக்கிட்டே போகலாம்பா. இங்க ரெண்டுமே முடிஞ்ச வாக்கியம். வெறும் கமா தாங்காது. ஃபுல் ஸ்டாப் வை, இல்ல செமிகோலன் வை, இல்ல கமாவுக்கு அப்புறம் ஒரு 'பட்' போடு." பதினைந்து வருடம் இங்கிலீஷ் படித்தும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று, "ஹீ ஆஸ்க்டு வேர் ஐ லிவ்ட்" என்பதற்குக் கேள்விக்குறி போடுவேன். எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டார் என்பது செய்தி, கேள்வி இல்லை. 'வேர்' கண்ணில் பட்டதும் கை தானாக வளைந்துவிடும்.

சரி, உங்களை உதைத்தது எந்தக் குறி?

*

எனக்கு அபாஸ்ட்ரஃபி. வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் 200 நோட்டீஸ் அச்சடித்தேன். 'எங்கள் மாணவர்களால் பெருமைப்படுகிறோம்' என்கிற பொருளில் ஒரு வரி. அதில் 'இட்ஸ்' வந்த இடத்தில் டீக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் அந்தக் கொக்கியைப் போட்டுவிட்டேன். ஒரு பையனின் தாத்தா அதைப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினார். நேரில் பார்த்தபோது, "விரிச்சுப் படிங்க டீச்சர்" என்றார். விரித்தேன். 'ப்ரௌட் ஆஃப் இட் இஸ் ஸ்டூடண்ட்ஸ்'! இங்கிலீஷ் டியூஷன் நோட்டீஸ் வேறு.

ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் எதிலும் கொக்கி கிடையாது, அந்த வரிசையில்தான் இதுவும் என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மீதி நோட்டீஸ்கள் கணக்குப் போட்டுப் பார்க்கும் தாளாகிவிட்டன.

*

ஒப்பந்தங்கள் வாசிக்கிற வேலையில் இருக்கிறேன். கமாவா, பார்த்துக்கலாம் என்று இருந்தவனைப் பயமுறுத்தியது அமெரிக்காவின் மேய்ன் மாநில வழக்கு. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டுப் போட்டது. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் இல்லை என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்'க்கு முன்னால் கமா இல்லை.

இருந்திருந்தால் விநியோகம் தனி வேலை. டிரைவருக்குக் காசு கிடையாது. இல்லாததால், அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது என்றும் படிக்கலாம். டிரைவர்கள் எங்கே பேக் செய்தார்கள்? ஓட்டினார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவாக இல்லை என்று அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருடம் 50 லட்சம் டாலருக்கு சமரசம். மேய்ன்காரர்கள் பிறகு அந்தப் பட்டியல் முழுக்க செமிகோலனாக மாற்றிவிட்டார்கள். சூடு கண்ட பூனை!

அதிலிருந்து, பட்டியலைக் கண்டால் கடைசி 'ஆர்'க்கு முன்னால் என் விரல் ஒரு நொடி நிற்கும்.

*

மேலே உள்ளவர் லட்சக்கணக்கில் பேசுகிறார். என்னுடையது இரண்டு புள்ளிதான். நம் ஆட்கள் எதை எழுதினாலும் '..' வைத்து முடிப்போமே, அதே பழக்கத்தில் லண்டன் மேனேஜருக்கு "ஓகே.." என்று அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் செய்துவிட்டார், ஏதாவது வருத்தமா, வேலை அதிகமாகிவிட்டதா என்று. இல்லை சார், எல்லாம் நல்லா இருக்கு என்று சமாளித்தேன். ஒரு நாள் லீவும் கொடுத்தார். எடுத்துக்கொண்டேன்..