மேரி ஸ்டூவர்ட்டின் நாவல்களை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?

உப்புவெளி வாசகி:
பெரியம்மா போன மாசியில் காலமானார். திருகோணமலையில் காலமெல்லாம் ஆங்கிலம் படிப்பித்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஆங்கில எழுத்தாளர் மேரி ஸ்டூவர்ட்டின் நாவல்கள் ஏழு இருந்தன. அட்டை கழன்றவற்றைச் சணல் நூலால் கட்டி வைத்திருந்தார். உப்புக்காற்றில் தாளெல்லாம் பழுப்பேறி, ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஒன்றின் நடுவில் பழைய கண்டி பஸ் டிக்கெட் ஒன்று.

ஒரு நூலகத்துக்குக் கொண்டுபோனேன். பொறுப்பில் இருந்தவர் மேலட்டையைப் பார்த்துவிட்டு, "காதல் கதைதானே, வைக்க இடமில்லை" என்றார். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து 'திஸ் ரஃப் மேஜிக்' நாவலை எடுத்தேன். 1964இல் வந்தது. லண்டனில் நடித்த நாடகம் சீக்கிரமே நின்றுபோக, லூசி என்ற இளம் நடிகை கிரேக்கத்தின் கோர்ஃபூ தீவில் இருக்கும் அக்காவிடம் வருகிறாள். குடாவில் நீந்தும்போது ஒரு டொல்பின் பக்கத்தில் வருகிறது. கரையிலிருந்து யாரோ அதைச் சுடுகிறார்கள். சத்தம் வராத துப்பாக்கி. தண்ணீரில் குண்டு விழும் இடத்தை வைத்துத்தான் அவளுக்கே விஷயம் புரிகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்று கடலைப் பார்த்தேன். பிறகு விடியும்வரை வாசித்தேன்.

என் கேள்வி இதுதான். இங்கே இவரை வாசித்தவர்கள் இருக்கிறீர்களா? இவர் விட்டுச் சென்றது வெறும் பொழுதுபோக்குத்தானா? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

ஓர்ஸ்ஹில் ரீச்சர்:
தங்கச்சி, தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதேங்கோ. மேரி ஸ்டூவர்ட் 1916இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்தவர். டர்ஹம் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே படிப்பித்தவர். முதல் நாவல் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் வந்தது. 2014இல், 97 வயதில் ஸ்கொட்லாந்தில் காலமானார்.

மகளுக்கு 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' கொடுங்கோ, 1958. தாயும் தகப்பனும் இல்லாத லிண்டா, பிரான்ஸில் ஒரு பெரிய மாளிகைக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகிறாள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தெரியாதவள் போல நடிக்கிறாள், அப்போதுதான் வேலை கிடைக்கும். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லாம் விளங்கியும் விளங்காத முகத்தோடு நிற்பது எப்படி என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெறும் காதல் கதை என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இவருடைய கதைகளில் காதலும் மர்மமும் ஒரே கேள்வியில் நிற்கின்றன: இந்த மனிதனை நம்பலாமா? அதற்கு விடை தெரியாமல் கதாநாயகியால் காதலிக்கவும் முடியாது, உயிர் பிழைக்கவும் முடியாது. யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று அவள் காத்திருப்பதுமில்லை. அவளே யோசிப்பாள், அவளே கார் ஓட்டுவாள். பிறகு 1970இல் 'தி கிறிஸ்டல் கேவ்' எழுதி, ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லினின் கதைக்குப் போனார். பலருக்கு அந்த ஸ்டூவர்ட்டைத்தான் தெரியும். எனக்கு முந்தைய ஸ்டூவர்ட்தான் பிடிக்கும்.

கொட்டியாரம்:
மறுத்துச் சொல்வதற்கு மன்னியுங்கள் ரீச்சர். எனக்கு இவருடைய 'தி மூன்ஸ்பின்னர்ஸ்' வாசிக்கும்போது ஒரு நெருடல் இருந்தது. கிரேக்கத்தின் கிரீட் தீவின் மலையும் வெளிச்சமும் அருமை. ஆனால் கண்ணும் மனமும் வெளியிலிருந்து வந்த ஆங்கிலப் பெண்ணுடையவை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அந்தக் காட்சிக்குள் நிற்கிறவர்கள். உல்லாசப் பயணிகள் வந்து போகும் கரையில் வளர்ந்த நமக்கு இது உறைக்கும். இதேபோலக் காதலும் மர்மமும் கலந்த, இன்னோர் ஆங்கில எழுத்தாளர் டஃப்னே டு மாரியேயின் 'ரெபேக்கா' 1938இலேயே வந்துவிட்டது. ஆழம் அதில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்:
தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் ஸ்டூவர்ட்டின் 'மை பிரதர் மைக்கேல்' வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கோ. போர்க்காலத்தில் கிரேக்கத்தின் பர்னாசஸ் மலையில் இறந்துபோன அண்ணனுக்கு என்ன நடந்தது என்று அறிய, பல வருடங்களுக்குப் பிறகு தம்பி டெல்ஃபிக்கு வருகிறான். அந்த ஊர்க்காரர்களும் அதே போரைச் சுமக்கிறவர்கள். வாசித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி விசாரித்துத் திரிகிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

நிலாவெளியான்:
நான் நாவல் வாசிப்பவன் இல்லை. டொல்பின் என்றதால் வந்தேன். நாங்கள் ஓங்கில் என்போம். எனக்குப் பன்னிரண்டு வயதில், அப்பாவின் கரைவலையில் ஒன்று மாட்டிக் கரைக்கு வந்துவிட்டது. அப்பா முதலில் செய்தது, உச்சந்தலையில் இருக்கும் மூச்சுத்துளைக்குள் மணல் போகாமல் உள்ளங்கையால் மறைவு கட்டியது. பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை நனைத்து முதுகில் போட்டார், அந்தத் துளையை மட்டும் மூடாமல். வாலைப் பிடித்து இழுக்கவந்த பெரியவரை ஏசினார். ஆறு பேர் அடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். தோல் வழுக்கும், ஆனால் சூடாக இருக்கும். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கதையில் டொல்பின் பிழைக்கிறதா, அக்கா?

உப்புவெளி வாசகி:
பிழைக்கிறது தம்பி. இரவில் கரையொதுங்கிக் கிடப்பதை லூசி காண்கிறாள். அவள் சந்தேகப்பட்ட ஆளே கூட வந்து, இரண்டு பேருமாகக் கயிறு கட்டிக் கடலுக்குள் விடுகிறார்கள். கடைசியில் அது அவளுக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பா சாரத்தை நனைத்த கதையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்டாள், எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

கொட்டியாரம் அண்ணை சொன்னதை மனதில் வைத்துத்தான் மற்றவற்றை வாசிக்கப்போகிறேன். ரீச்சர், பெட்டியில் 'மை பிரதர் மைக்கேல்' இல்லை. உங்களிடம் இருந்தால் சனிக்கிழமை பின்னேரம் வந்து வாங்கிக்கொள்ளலாமா? அட்டை போட்டுத் திருப்பித் தருவேன்.