சாஃப்ட் பிரெட்செல் (முறுக்கிச் சுடும் மெத்தென்ற ரொட்டி): சோடா தண்ணீரில் முக்கியும் நிறம் ஏறவில்லை

கேள்வி, மார்த்தாண்டத்திலிருந்து:
மைதா 500 கிராம், தண்ணீர் 280 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10, வெண்ணெய் 30. 2 லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. மேல்தோல் வெளுத்து, சுருங்கி வருகிறது. தூவிய உப்பும் கரைந்துவிடுகிறது. ஏன்?

பதில்:
மாவு அளவு சரிதான், அதை மாத்தாதீங்க. சோடாதான் போதாது. 2 லிட்டருக்கு 100 கிராம் வேணும். கொதிக்கும்போது மொத்தமாக் கொட்டினா பொங்கி வழியும், கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. ஒவ்வொண்ணையும் 30 விநாடி முக்கினா போதும்; கூடினா சோப்புக் கசப்பு வரும். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், சோடாவோட காரம் சட்டியை அரிச்சிடும். எவர்சில்வர் எடுங்க. ஓவன் சூடு 230 டிகிரி செல்சியஸ், 12 முதல் 14 நிமிடம்.

பதில்:
சுருக்கம் வேற விஷயம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஈரத்துல மாவோட தோல் காயாது, அதோட மாவும் அளவுக்கு மீறிப் பொங்கிடும். முறுக்கினதை மூடாம ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைங்க. தொட்டா விரலில் ஒட்டாம, மெல்லிய தோல் கட்டியிருக்கணும். அப்புறம் முக்கினா வடிவமும் குலையாது.

பதில்:
உப்பு: கல் உப்பை ஒன்றிரண்டா இடிச்சு, ஓவனுக்குள்ளே வைக்கிற நேரத்துல தூவுங்க அக்கா. சூட்டோட டப்பாவில் மூடினா வியர்த்துக் கரையும். மறுநாளைக்குன்னா உப்பில்லாம சுட்டு, சூடாக்கும்போது வெண்ணெய் தடவித் தூவுறதுதான் நல்லது.