பல்கலைக்கழகக் கணக்கை முடக்கிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டும்

நள்ளிரவு ரயில்:
அனைவருக்கும் வணக்கம். என் பல்கலைக்கழகக் கணக்கு நேற்று மாலையிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. மின்னஞ்சல், வைஃபை, நூலகம் என்று எதிலும் நுழைய முடியவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எம்.எஸ்சி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். விசாவை ரத்து செய்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் இரவு முழுவதும் உறங்கவில்லை. நான் தவறு எதுவும் செய்யவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

ஸ்காபரோ சித்தப்பா:
தம்பி, பதற வேண்டாம். நான் 2003ஆம் ஆண்டு கனடாவுக்குப் படிக்க வந்தபோது வீட்டில் இணையமே கிடையாது. பனியில் பேருந்துக்குக் காத்திருந்து, கணினிக்கூடத்தில் இடம்பிடித்து, இரவு பதினொரு மணிவரை தட்டச்சு செய்துவிட்டுத் திரும்புவேன். ஒருமுறை வெளியேறாமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்து அமர்ந்தவன் என் பெயரில் பேராசிரியருக்கே வசைக்கடிதம் அனுப்பிவிட்டான். நான் அனுப்பவில்லை என்று நிரூபிக்க இரண்டு மாதங்கள் அலைந்தேன். நீங்களும் அப்படித்தான் எங்காவது கணக்கைத் திறந்து விட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

லெஸ்டர் அக்கா:
இது நிச்சயமாகப் போலி மின்னஞ்சல் வேலைதான். வந்த முதல் மாதத்தில், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்று வந்த கடிதத்தை நம்பி நானும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு அழுதிருக்கிறேன். யாரோ திருடிவிட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். நாமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

பெர்லின்வாசி:
அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. தம்பி டொரண்டில் திருட்டுத்தனமாகப் படம் இறக்கியிருக்கலாம். ஜெர்மனியில் வீட்டு இணைப்பில் அதைச் செய்தால் வழக்கறிஞரிடமிருந்து பணம் கேட்டுக் கடிதம் வரும். பல்கலைக்கழக இணைப்பில் செய்தால் கணக்கு முடங்கும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான வைஃபையான எடுரோமில் எந்த ஊரில் இணைந்தாலும், அது நம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் நம்மை உள்ளே விடுகிறது. ஆகவே ப்ராக் நகரத்துக் கல்லூரி ஒன்றில் அமர்ந்து செய்த தவறும் பெர்லினில் நம் மேசைக்கே வந்து சேரும்.

மெல்பர்ன் மீனவன்:
உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு விளக்கம்கூடக் கேட்காமல் கதவை அடைக்கிறார்கள். நம் பிள்ளைகள் என்றால் சந்தேகம் முதலில் வந்துவிடுகிறது. அதுவரை நண்பர் ஒருவரின் கணக்கில் நுழைந்து வேலையை முடியுங்கள்.

பெர்லின்வாசி:
அப்படிச் செய்தால் இரண்டாவது கணக்கும் முடங்கும், நண்பரும் மாட்டுவார். இப்படியா யோசனை சொல்வது?

மெல்பர்ன் மீனவன்:
நாங்கள் வந்த காலத்தில் ஒரு கணக்கை நான்கு பேர் வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினோம்.

ஈஸ்ட்ஹாம் கணினிப்பிரிவு:
நான்கு நாடுகளின் கதையும் வந்துவிட்டது. கேட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, எந்த நாடு? முடக்கியபோது சொந்த மின்னஞ்சலுக்கு ஏதேனும் கடிதம் வந்ததா? உங்கள் கடவுச்சொல் வேறு யாரிடமாவது இருக்கிறதா?

நள்ளிரவு ரயில்:
இங்கிலாந்து, அண்ணா. முன்பே எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள். "அளவுக்கு மீறிய பதிவிறக்கம்" என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. என் சித்தி மகன் மதுரையில் ஓர் அரசுக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறான். கட்டுரைகள் கிடைக்கவில்லை என்று வருந்தியதால் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அவன் நுழையும்போதெல்லாம் என் கைபேசியில் அனுமதி கேட்கும், நானும் அழுத்திவிடுவேன். ஒவ்வொன்றாக இறக்கச் சலித்து, அவன் ஒரு நிரல் எழுதி ஓரிரவில் பல நூறு கட்டுரைகளை இறக்கிவிட்டானாம். படிப்பதற்குத்தானே எடுத்தான், இது திருட்டா?

பெர்லின்வாசி:
அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வலையமைப்பின் வழியாக, ஜேஸ்டோர் என்ற இணைய ஆய்விதழ்க் களஞ்சியத்தின் கட்டுரைகளை இறக்கிய நிரலாளர் ஆரன் சுவார்ட்ஸ் மீது 2011இல் அமெரிக்க அரசு குற்றவழக்கே தொடுத்தது.

ஈஸ்ட்ஹாம் கணினிப்பிரிவு:
அவர் இறக்கியது லட்சக்கணக்கில். இந்தப் பையனை அதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். ஆனால் தம்பி, "தவறு எதுவும் செய்யவில்லை" என்ற வரியை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். நூலகம் பதிப்பகங்களோடு செய்யும் ஒப்பந்தம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே உரியது. நிரல் கொண்டு மொத்தமாக இறக்குவதை அது பெரும்பாலும் தடை செய்திருக்கும். பதிப்பகம் அதைக் கண்டால் உங்களை மட்டுமல்ல, மொத்தப் பல்கலைக்கழகத்தையும் சில நேரம் வெளியே தள்ளிவிடும். அப்படி நடந்தால் அன்று காலை கட்டுரை திறக்காமல் தவிப்பது உங்களைப் போலவே ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மற்றவர்கள்தான். நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே வேலையைச் செய்கிறேன். ஒரே மணி நேரத்தில் இங்கிலாந்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஒருவரே நுழைந்தது பதிவேட்டில் பளிச்சென்று தெரியும். அனுமதி உங்கள் கைபேசியிலிருந்தே போயிருப்பதால், அக்கா சொன்னபடி திருட்டுப்போனது என்று எழுதினால் சிறு தவறு பெரும் பொய்யாக மாறும்.

நாளை காலை அடையாள அட்டையுடன் கணினி உதவி மையத்துக்கு நேரில் செல்லுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள், எப்போது, எதற்காக என்பதை ஒரு பக்கத்தில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். இன்றிரவே சொந்த மின்னஞ்சலிலிருந்து, மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு, ஆய்வு வழிகாட்டிக்கும் துறை அலுவலகத்துக்கும் எழுதி, வெள்ளிக்கிழமை எந்த வழியில் சமர்ப்பிப்பது என்று கேளுங்கள். இது நாமே வரவழைத்துக்கொண்ட சிக்கல் என்பதால் காலநீட்டிப்பு கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விசாரணைக்கு அழைத்தால், போவதற்கு முன் மாணவர் சங்கத்தின் ஆலோசகரைப் பாருங்கள்; அவர் உங்கள் பக்கம் நின்று பேசுவார்.

கணக்கு முடங்கியதற்காக மட்டும் விசா போவதில்லை. நீங்கள் படிப்பில் தொடர்ந்து ஈடுபடுகிறீர்களா என்று பல்கலைக்கழகம் கண்காணித்து, இல்லையென்றால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விசாரிப்புக் கடிதங்கள் முடங்கிய முகவரிக்கே வரக்கூடும் என்பதால், மாற்று முகவரியைத் துறையில் நாளையே கொடுத்துவிடுங்கள்.

நள்ளிரவு ரயில்:
நன்றி அண்ணா. இன்னொன்றையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆய்வேடு முழுவதும் பல்கலைக்கழகக் கணக்கோடு வரும் ஒன்டிரைவ் இணையச் சேமிப்பகத்தில்தான் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் கணினிப்பிரிவு:
இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! மடிக்கணினியில் ஒன்டிரைவிலிருந்து வெளியேறாதீர்கள், மென்பொருளை நீக்கவும் வேண்டாம். அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். பச்சைக்குறி உள்ள கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன; அவற்றை இப்போதே பென்டிரைவில் நகலெடுங்கள். மேகக்குறி மட்டும் உள்ளவை இங்கே இல்லை. அவற்றுக்கு, வழிகாட்டிக்குக் கடைசியாக அனுப்பிய வரைவைத் திருப்பி அனுப்பும்படி கேளுங்கள். நாளை உதவி மையத்தில் அந்தக் கோப்புகளை மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

லெஸ்டர் அக்கா:
சரி, நான் சொன்னது தவறுதான். ஆனால் அந்த மதுரைத் தம்பிக்கும் வழி வேண்டாமா?

ஈஸ்ட்ஹாம் கணினிப்பிரிவு:
அவருக்கு இவருடைய கடவுச்சொல்லே தேவைப்பட்டிருக்காது. 2024 நவம்பரில் இந்திய அரசு ஒப்புதல் அளித்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக வாங்கப்பட்டுள்ளன. தன் கல்லூரி நூலகரிடம் அவர் கேட்கட்டும். அதில் இல்லாத கட்டுரைக்கு, எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

நள்ளிரவு ரயில்:
ஆறு அத்தியாயங்களில் நான்குக்குப் பச்சைக்குறி இருக்கிறது, நகலெடுத்துவிட்டேன். வழிகாட்டிக்கும் எழுதிவிட்டேன். உதவி மையம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது.