பவளக்கல் சுவரின் 3டி மாடல் நடுவில் வயிறு தள்ளுகிறது: தனுஷ்கோடி ஆவணப்பதிவு

கேள்வி (மணல்திட்டு):
வணக்கம். 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடிக் கட்டடங்களில் ஒன்றின் பவளக்கல் சுவரை ஆய்வேட்டுக்காகப் பதிவு செய்கிறேன். நீளம் சுமார் 12 மீட்டர், உயரம் 4 மீட்டர். போனில், சுவருக்கு இணையாக நடந்தபடி 140 படம் எடுத்து, அவற்றை மென்பொருளில் இணைத்து 3டி மாடல் (போட்டோகிராமெட்ரி) செய்தேன். மாடலில் சுவரின் நடுப்பகுதி 10 செ.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது. நேரில் நூல் பிடித்துப் பார்த்தால் 2 செ.மீ. கூட இல்லை. சுண்ணாம்புப் பூச்சு மிச்சமிருக்கும் இடங்களில் ஓட்டை ஓட்டையாக வருகிறது. லேப்டாப்பில் 16 ஜிபி ராம், என்விடியா கார்டு கிடையாது. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

பதில் (நூல்குண்டு):
ஆகாது தம்பி. கோளாறு படம் எடுத்த விதத்தில் இருக்கிறது. எல்லாப் படமும் சுவரை நேர்க்குத்தாகப் பார்த்து, ஒரே தூரத்தில் எடுத்தவை. அப்போது லென்ஸின் வளைவு எது, சுவரின் வளைவு எது என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. லென்ஸ் கணிப்பில் விழுந்த சிறு பிழை, சுவரின் வயிறாக வெளியே வருகிறது. போதாததற்கு, போன் ஒவ்வொரு படத்துக்கும் போகஸை மாற்றும், ஸ்டெபிலைசரும் லென்ஸை அசைக்கும். அதனால் எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரு லென்ஸ் கணக்கே அமையாது. இந்த 140 படத்தை வைத்து அளவு சொல்ல வேண்டாம், மறுபடி எடுங்கள்.

துறையில் ஒரு ஏபிஎஸ்-சி கேமரா (போனைவிடப் பெரிய, நடுத்தர அளவு சென்சார் உள்ளது) கிடைத்தால் போதும். 24 மெகாபிக்சல், 24 மி.மீ. லென்ஸ், சுவரிலிருந்து 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சல் சுவரில் ஏறக்குறைய 0.8 மி.மீ. ஒரு படத்தில் அடங்கும் சுவரின் அகலம் ஏறக்குறைய 4.6 மீட்டர். அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய (ஓவர்லாப்) 90 செ.மீ.க்கு ஒரு படம், அதாவது ஓர் எட்டும் கொஞ்சமும். சுவரின் இரு முனைகளையும் தாண்டி இரண்டிரண்டு படம் கூடுதலாக எடுங்கள். கண் மட்டத்தில் ஒரு வரிசை, கம்பில் கட்டி 3 மீட்டர் உயரத்தில் இன்னொரு வரிசை. பிறகுதான் முக்கியமான வேலை: கேமரா பார்க்கும் திசையை இடப்பக்கம் 20 டிகிரி திருப்பி ஒரு நடை, வலப்பக்கம் அதேபோல் திருப்பி ஒரு நடை, சுவரை நேரே பார்த்து, கேமராவை 90 டிகிரி சுழற்றி நெடுக்காகப் பிடித்து ஒரு நடை. வயிற்றை உள்ளே இழுப்பது இந்த மூன்று நடையும்தான். ஒரு முகத்துக்கு 80 முதல் 100 படம் வரும். நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி எடுக்காதீர்கள். இடம் மாறாத படத்தில் ஆழம் பிறக்காது.

கேமரா அமைப்பு: அபெர்ச்சர் எப்/8, ஐஎஸ்ஓ 100 முதல் 400, ஷட்டர் 1/250க்குக் குறையாமல், ஒயிட் பேலன்ஸ் நிலையாக, ஸ்டெபிலைசர் அணைத்து. ஒரு தடவை போகஸ் செய்துவிட்டு, போகஸ் வளையத்தையும் ஜூம் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ஓட்டைகளுக்குக் காரணம் வெயில். பவளக்கல்லின் பொத்தல் பரப்பு போட்டோகிராமெட்ரிக்கு வரப்பிரசாதம், மென்பொருள் பற்றிக்கொள்ள ஆயிரம் புள்ளி கிடைக்கும். ஆனால் உச்சி வெயிலில் பொத்தல்கள் கறுத்துப்போகும், சுண்ணாம்பு வெளுத்துப்போகும், கீழே வெள்ளை மணல் வேறு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சுவரின் எந்த முகம் எப்போது நிழலில் இருக்கிறதோ அப்போது எடுங்கள், அல்லது மேகமூட்டமான நாளில். பின்னணியில் கடலலையும் சுற்றுலாப் பயணிகளும் விழுந்தால் அந்தப் பகுதியை மென்பொருளில் மறைத்துவிடுங்கள் (மாஸ்க்). அலை நகர்வதால் பொய்ப் புள்ளிகள் வரும்.

அளவுக்கு 1 மீட்டர் அலுமினியச் சதுரக் குழாயில் இரு முனையிலும் குறி ஒட்டிய பட்டைகள் மூன்று வேண்டும். குறி அச்சிட்ட தாள் பளபளப்பில்லாத மேட் ரகமாக இருக்கட்டும், பளபளத்தால் குறி தெரியாது. இரண்டின் நீளத்தை மென்பொருளுக்கு அளவாகக் கொடுங்கள். மூன்றாவதைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் வையுங்கள், அதில் பிழை 2 மி.மீ.க்குள் வந்தால் நிம்மதி. சுவரில் டேப் ஒட்டவே கூடாது. உப்பேறிய பூச்சு டேப்போடு பெயர்ந்து வந்துவிடும், அதைத் திரும்ப ஒட்ட யாராலும் முடியாது. செங்குத்துக்குத் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்குங்கள். அந்தக் காற்றிலும் நூல் ஆடாது.

பதில் (பனங்காடு):
லேப்டாப் பற்றி. படங்களை மாடலாக்கும் மென்பொருள்களில், மெஷ்ரூமின் ஆழக் கணிப்புக்கும், கோல்மேப்பின் அடர் புள்ளிக் கட்டத்துக்கும், ரியாலிட்டிஸ்கேனில் மெஷ் (முக்கோணங்களாலான பரப்பு) கட்டவும் என்விடியா கார்டு வேண்டும். உங்களுக்கு வழி இரண்டு. வெப்ஓடிஎம் கார்டு இல்லாமல் சிபியுவிலேயே ஓடும், இலவசம், மெதுவாக. மெட்டாஷேப் ஏஎம்டி, இன்டெல் கார்டுகளிலும் ஓடும், கல்வி உரிமம் மலிவு. ஆனால் அதன் ஸ்டாண்டர்ட் பதிப்பில் அளவுப் பட்டை வசதி இல்லை, புரொஃபஷனலில்தான் உண்டு. ஸ்டாண்டர்ட் என்றால் மாடலை கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் திறந்து, பட்டையின் நீளத்தை அளந்து, உண்மை நீளத்தை அதால் வகுத்து வரும் எண்ணால் மாடலைப் பெருக்குங்கள்.

100 படத்துக்கு 16 ஜிபி தாங்கும். மெட்டாஷேப்பில் ஆழக் கணிப்பின் தரத்தை மீடியத்தில் வையுங்கள். ஹை என்பது படத்தின் இரு பக்கத்தையும் பாதியாக்குவது, மீடியம் கால்பங்காக்குவது. ஆழக் கணிப்பை ஓட்டுவதற்கு முன், பிழை 0.5 பிக்சலுக்கு மேலான இணைப்புப் புள்ளிகளை (பல படங்களில் பொதுவாகப் பொருந்திய புள்ளிகள்) நீக்கி, கேமராக்களின் இடத்தையும் லென்ஸ் கணக்கையும் மறுபடி சரிசெய்யுங்கள் (ஆப்டிமைஸ்).

உப்புக்காற்றுக்கு ஒரு வார்த்தை: லென்ஸ் முன் யூவி பில்டர் மாட்டி, முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, பிறகு துணியால் துடையுங்கள். நேரே துடைத்தால் கீறல் விழும். ஏசி அறையிலிருந்து வருகிறீர்கள் என்றால் கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் பனித்துப்போகும்.

மணல்திட்டு:
மிக்க நன்றி. ட்ரோனில் மேலிருந்து எடுக்கலாமா? சுவரின் இடத்தை வரைபடத்தில் பதிக்க போன் ஜிபிஎஸ் போதுமா?

பதில் (நூல்குண்டு):
ட்ரோன் இந்தக் கரையில் சுலபமில்லை. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, கிழக்கே கடல் எல்லை. அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் 250 கிராமுக்குக் குறைந்த நானோவாக இருந்தாலும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 4 மீட்டர் சுவருக்குக் கம்பே போதும், ரிமோட்டாகக் கேமராவின் போன் செயலி.

பதில் (பனங்காடு):
போன் ஜிபிஎஸ்ஸில் 3 முதல் 5 மீட்டர் பிழை சாதாரணம். சுவர் எங்கே என்று காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அளவை அதிலிருந்து எடுக்காதீர்கள். வரைபட மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆயத்தொலை முறை: யூடிஎம் மண்டலம் 44 வடக்கு, அதன் குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 32644. ஆர்டிகே கருவி (சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமான ஜிபிஎஸ்) கிடைத்தால் உயரம் கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே காட்டும், பதறாதீர்கள். அது நீள்வட்டக உயரம், அதாவது பூமியைச் சீரான நீள்வட்ட உருண்டையாகக் கொண்டு அதிலிருந்து அளப்பது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்புப் பள்ளம் இருப்பதால் நம் பக்கக் கடல்மட்டமே அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பு) திருத்தம் போட்டால் சரியான உயரம் வரும். எந்த ஜியாய்டு மாதிரி என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.